ஊர் தாண்டும் புடவையும் அதன் வரியும்

காஞ்சிபுரத்தில் 20,000 ரூபாய் விலையுள்ள பட்டுப்புடவைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி 1,000 ரூபாய். அதே புடவையைக் கடைக்காரர் பார்சல் கட்டி ஏற்றுமதிச் சரக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பினால் அந்த 1,000 ரூபாய் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் நேரில் வாங்கி, பெட்டியில் மடித்து வைத்து, மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் உண்டு. இரண்டு புடவையும் போய்ச் சேரும் ஊர் ஒன்றுதான். வெளிநாட்டுப் பயணி வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பத் தரும் ஏற்பாடு சிங்கப்பூரிலும் துபாயிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டு, நடைமுறைக்கு வராமல் நிற்கிறது. காஞ்சியின் தறிக்கும் வரிக்கும் இடையிலான உறவோ செப்பேட்டுக் காலத்தது. அந்த நெடுங்கணக்கில் வரியைத் தள்ளிக் கொடுத்த அரசர்கள் உண்டு, அரசுகள் உண்டு. அவர்கள் தள்ளியதற்கான காரணம் வேறு. இன்று உலக நாடுகள் திருப்பித் தருவதற்கான காரணம் வேறு.

சங்க காலத்தில் சுங்கத்துக்கு உல்கு என்று பெயர். காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியும் அந்த வழியில் உல்கு தண்டும் இடத்துக் காவலும் வருகின்றன. இதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாடிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடி இன்னும் விரிவாகத் தெரிகிறது. கடலிலிருந்து கரைக்கு இறங்கிய மூட்டைக்கும், கரையிலிருந்து கடலுக்கு ஏறவிருந்த மூட்டைக்கும் ஒரேபோல் புலி முத்திரை குத்தினார்கள். உள்ளே வருவது, வெளியே போவது என்ற வேறுபாடு வரி தண்டுபவருக்கு இல்லை. நகரும் பொருள் எதுவானாலும் அது கடக்கும் வாயிலில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். இன்று வரியைத் திரும்பக் கேட்கும் பயணிக்கும் சுங்க அதிகாரியின் முத்திரை தேவைப்படுகிறது. அன்று அது கட்டியதற்கு அடையாளம்; இன்று, கட்டியதை வாங்கிக்கொள்ள அத்தாட்சி.

பல்லவர் காலத்தில் தறி தனக்கென்று ஒரு வரிப் பெயரோடு வருகிறது. செப்பேடுகளில் காணப்படும் தறிக்கூறை என்பது தறி வைத்திருப்பவர் அரசுக்குத் துணியாகவே கொடுக்க வேண்டிய கடன். காசு தேவையில்லை, நெய்ததில் ஒன்று. கூறை என்ற அந்தச் சொல் வரிப் பட்டியலிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது. மணமேடையில் உடுத்தும் கூறைப்புடவையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரியோடு விலக்கும் அப்போதே தொடங்கிவிட்டது. சிவஸ்கந்தவர்மன் காஞ்சியிலிருந்து வழங்கிய ஹீரஹடகள்ளிப் பிராகிருதச் செப்பேடு, தானமாகக் கொடுத்த நிலத்துக்கு 18 வகை விலக்குகளைச் சொல்கிறது. பிற்காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இதுவே இறையிலி ஆயிற்று. வரியை வாங்கிவிட்டுத் திருப்பித் தரும் பேச்சு எங்கும் இல்லை. விலக்குப் பெற்றவர் தொடக்கத்திலேயே கட்டுவதில்லை, அவ்வளவுதான். அல்லது, அரசனுக்குப் போக வேண்டியது கோயிலுக்குப் போகும்.

இந்த இரண்டாவது வகைக்குக் காஞ்சியிலேயே நல்ல சான்று உண்டு. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் உத்தம சோழன் வெளியிட்ட செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று கச்சிப்பேடு எனப்பட்ட காஞ்சி நகரத்தின் கடைவீதி வருமானத்தில் ஒரு பகுதி, ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு உரியதாக அதில் எழுதப்பட்டுள்ளது. கோல்நிறைகூலி, கால்அளவுகூலி என்று அதற்குப் பெயர்: நிறுத்து விற்பதற்கு ஒன்று, அளந்து விற்பதற்கு ஒன்று. ஊரகம் என்பது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில். கோயில் முதலையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பு நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகளிடம் விடப்பட்டிருந்தது. இவர்கள் நெசவாளர்கள். வரி கட்டும் தரப்பில் எப்போதும் இருந்தவர்கள், இங்கே வசூலான பணத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்களாகவும் இருந்தார்கள். பட்டசாலி என்ற பெயரின் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டு சோழர் காலத்திலேயே காஞ்சியில் பட்டு நெய்தார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம். பட்டம் என்றால் துணி என்றும் பொருள் உண்டு. காஞ்சியின் பழைய புகழ் பெரும்பாலும் பருத்தியால் வந்தது. பட்டு நெசவாளர்கள் ஆந்திரப் பகுதியிலிருந்து விஜயநகர ஆட்சியின்போது வந்து குடியேறினார்கள் என்பது ஊரில் வழங்கும் மரபு.

சுங்கத்தை நீக்கியதற்காகவே பெயர் பெற்ற அரசன் முதற் குலோத்துங்கன் (1070–1122). சுங்கம் தவிர்த்த சோழன் என்ற பட்டம் கல்வெட்டுகளிலும் ஊர்ப் பெயர்களிலும் ஏறியது. எந்தச் சுங்கம், எந்த எல்லைக்குள் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நில வரியைக் குறைத்த அரசர்கள் பலருக்குக் கிடைக்காத புகழ் சுங்கத்தை நீக்கியவனுக்குக் கிடைத்தது கவனிக்கத்தக்கது. ஊர் ஊராகச் சாவடி கண்ட வணிகர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை அந்தப் பட்டமே காட்டுகிறது.

தறி வரிக்கு வந்தால், சோழர் காலத்துத் தறியிறை விஜயநகர காலத்தில் தறிக்கடமை என்று பணக் கணக்கில் நிலைபெறுகிறது. நூலுக்கு நூலாயம் தனி. இந்தக் காலத்தில் கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத் தெருக்களில் கைக்கோளர், சாலியர் ஆகிய நெசவாளரைக் குடியேற்றி, தறி வரியைக் குறைத்தோ சில ஆண்டுகளுக்கு நீக்கியோ கொடுத்த செய்திகள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. இதில் கருணையைவிடக் கணக்கு அதிகம். உழவன் நிலத்தை விட்டுப் போனால் எல்லாவற்றையும் இழக்கிறான். நெசவாளர் நிலை அப்படியன்று. குழித்தறியில் குழி மட்டும்தான் ஊருக்குச் சொந்தம். அச்சும் விழுதும் நாடாவும் தூக்கிக்கொண்டு போகக்கூடியவை. வரி மிஞ்சினால் ஒரு சேரியே இரவோடு இரவாக அடுத்த நாட்டுக்குப் போய்விடும். போன இடத்தில் வரவேற்பும் இருக்கும். ஆகவே வரிச்சலுகை அவர்களை ஊரோடு கட்டிவைக்கும் கயிறு. பணத்தோடு மரியாதையும் அந்தக் கயிற்றின் ஒரு புரி. காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்த தண்டும் சங்கும், அதாவது பல்லக்கு ஏறவும் சங்கு ஊதிப் போகவும் உள்ள உரிமை, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்ற ஊர்க் கைக்கோளருக்கும் வழங்கப்பட்டபோது, காஞ்சியும் விரிஞ்சிபுரமும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டன.

வெளியே போகும் சரக்கைத் தனியாகப் பார்க்கும் வழக்கம் கடல் வணிகக் கம்பெனிகளோடு வந்தது. 1639இல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் மதராசபட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்குக் கொடுத்த பட்டயத்தில் வரிச்சலுகையே முக்கியச் சரத்து. கம்பெனியின் சரக்குக்கு அந்தத் துறையில் சுங்கம் இல்லை. நாயக்கரின் நாட்டு வழியே கொண்டுபோகும் சரக்குக்கு மற்ற வணிகர் கட்டுவதில் பாதி. பிறர் வந்து துறைமுகத்தில் கட்டும் சுங்கத்தில் பாதி நாயக்கருக்கு. ஏற்றுமதி செய்பவனுக்கு வரியை விட்டுக்கொடுத்தால் ஊருக்கு வணிகம் வரும் என்ற கணக்கு இதில் தெளிவாக இருக்கிறது. நெசவாளரை ஊரோடு கட்டிவைக்கும் பழைய வழியையும் கம்பெனி விடவில்லை. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சுங்குராம செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் நெசவாளருக்கென்றே ஒரு குடியிருப்பு எழுந்தது. சின்னத் தறிப்பேட்டை என்று விளங்கிய அதுதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை.

கடலின் அந்தக் கரையில் நடந்தது இன்னும் விசித்திரம். இந்தியப் பட்டும் அச்சடித்த பருத்தியும் இங்கிலாந்து நெசவாளர்களின் பிழைப்பைக் கெடுப்பதாகக் கிளம்பிய எதிர்ப்பால், 1700ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் அவற்றை அந்நாட்டில் உடுத்தவும் பயன்படுத்தவும் தடை விதித்தது. தடை 1701இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மறு ஏற்றுமதிக்காகக் கிடங்கில் பூட்டிவைத்து, வேறு நாட்டுக்குக் கப்பலேற்றினால் தடை இல்லை. தங்கினால் குற்றம், கடந்து போனால் வணிகம். ஏற்றுமதியாகும் பொருளுக்கு முன்பு கட்டிய சுங்கத்தைத் திருப்பித் தரும் வழக்கமும் ஐரோப்பாவில் இந்தக் காலத்தில் ஊன்றிவிட்டது. இந்தியாவில் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இன்றைய ஏற்றுமதியாளருக்கு இதையே செய்கிறது. விமான நிலையத்தில் பயணிக்குத் திரும்பும் வரி, இந்த வணிகர் சலுகை பெட்டி அளவுக்குச் சுருங்கியதுதான்.

கம்பெனி ஆட்சியில் உள்நாட்டு நெசவாளர் நிலை நேர்மாறாக இருந்தது. மோதர்பா என்ற தொழில் வரி தறிக்கும் கடைக்கும் வீட்டுக்கும் விழுந்தது. கைவினைஞரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உள்ளூரிலேயே சரக்கு இடம் மாறுவதற்குச் சாயர் எனப்பட்ட வழிச்சுங்கம், சவுக்கி என்ற சாவடி ஒவ்வொன்றிலும். நூல் வரும்போது ஒரு சவுக்கி, துணி போகும்போது ஒரு சவுக்கி. உள்நாட்டு வழிச்சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844இல்தான் சட்டத்தால் நீங்கியது. வங்காளத்திலும் பம்பாயிலும் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நீங்கிவிட்டது. மோதர்பா அதற்குப் பிறகும் நீடித்தது. காசுலு இலட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னை சுதேசி சங்கம் 1852இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எழுதிய விண்ணப்பத்தின் முறையீடுகளுள் மோதர்பாவும் ஒன்று. வருமான வரி வந்தபின், 1860களின் தொடக்கத்தில், அது கைவிடப்பட்டது. பல்லவர் காலத்துத் தறிக்கூறையில் தொடங்கிய தறி வரியின் கதை, உருமாறி உருமாறி, ஏறத்தாழ அங்கே முடிகிறது.

அடுத்து வந்தது தறியை விட்டுவிட்டு விற்பனையைப் பிடிக்கும் வரி. இந்தியாவின் முதல் பொது விற்பனை வரி சென்னை மாகாணத்தில், ராஜாஜி பிரதமராக இருந்தபோது 1939இல் வந்தது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கால் கள், சாராய வருமானம் குறைந்த இடத்தை அது நிரப்ப வேண்டியிருந்தது. 20,000 ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ள வணிகருக்கு அரை விழுக்காடு. கைத்தறித் துணியை மட்டுமே விற்பவருக்கு உரிம நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. சுதந்திரத்துக்குப் பின் வரி கைத்தறிக்குச் சாதகமாகவே ஒரு கருவியானது. 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி என்று கூடுதல் கலால் விதித்து, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட மத்தியச் சட்டம் வந்தது. கைத்தறி விற்பனையில் தள்ளுபடி என்ற, இன்றும் கூட்டுறவு நிலையங்களின் பலகையில் தொங்கும் சொல்லுக்கு இந்த நிதி பெரிய ஆதாரம். துணி தேங்கிப்போன அந்த 1953ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான், காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாதுரையும் அவருடைய கட்சியினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார்கள். அண்ணா விற்றது திருச்சியில்.

தமிழ்நாட்டில் விற்பனை வரி 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரியாக மாறியது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி ஆனது. பட்டுத் துணிக்கு 5 விழுக்காடு. 2022 ஜனவரி முதல் துணிகளுக்கு 12 விழுக்காடு என்று அறிவித்து, முந்தைய நாளான 2021 டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி மன்றம் அதை நிறுத்தி வைத்தது. புடவையின் விலையில் பட்டு நூலைவிட ஜரிகை பேசும் காலம் இது. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டிழையில் சுற்றி, தங்க முலாம் பூசுவது அசல் ஜரிகை. வெள்ளியும் தங்கமும் ஏறும்போது புடவை ஏறுகிறது, அதோடு 5 விழுக்காட்டு வரித் தொகையும் ஏறுகிறது.

விற்பனை வரியைவிட மதிப்புக் கூட்டு வரிக்கு ஒரு வசதி அதிகம். 1954இல் பிரான்சில் மோரிஸ் லோரே வகுத்த இந்த வரி, பொருள் கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் முந்தைய கட்டத்து வரியைக் கழித்துக்கொண்டே வருவதால், கடைசி விலைக்குள் எவ்வளவு வரி இருக்கிறது என்று பைசா சுத்தமாகச் சொல்லிவிடலாம். சொல்ல முடிந்தால் திருப்பித் தரவும் முடியும். பொருள் எந்த நாட்டில் பயன்படுகிறதோ அந்த நாடே வரி விதிக்கட்டும் என்ற கொள்கை இதன்மேல் எழுந்தது. ஏற்றுமதியாளருக்கு அது எளிதில் பொருந்தியது. கையில் பையோடு போகும் பயணியிடம்தான் சிக்கல். ஆயிரக்கணக்கான கடைகள், ஒவ்வொரு பில்லும் சின்னத் தொகை, வாங்கியவர் உண்மையிலேயே நாட்டைவிட்டுப் போகிறாரா, பொருளோடு போகிறாரா என்று பார்க்க ஆள் வேண்டும். இந்த வேலையைக் கட்டணத்துக்கு எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் உருவாயின. இன்று குளோபல் புளூ என்று அறியப்படும் நிறுவனம் 1980இல் சுவீடனில் தொடங்கியது. கடை, சுங்க அலுவலகம், பணம் தரும் முகப்பு ஆகிய மூன்றையும் ஒரு தாளால் இணைத்ததுதான் இவர்கள் செய்த புதுமை.

தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இந்த முறை அறிமுகமானது பெரும்பாலும் சிங்கப்பூரில். அங்கு ஜிஎஸ்டி 1994 ஏப்ரல் 1 அன்று 3 விழுக்காட்டில் தொடங்கி, 2024 ஜனவரியில் 9 விழுக்காட்டை எட்டியது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அல்லாத, 16 வயது நிறைந்த சுற்றுலாப் பயணி, திட்டத்தில் சேர்ந்த கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் வெள்ளிக்கு வாங்கி, கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்துகொண்டு, இரண்டு மாதத்துக்குள் பொருளோடு விமானம் ஏறினால் வரி திரும்பும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய மூன்று பில்கள்வரை சேர்த்து 100 வெள்ளிக் கணக்குக் காட்டலாம். சாங்கி விமான நிலையத்தில் இயந்திரத்தின் முன் நின்று விண்ணப்பிக்க வேண்டும். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதானால் அனுப்புவதற்கு முன்பே. சுங்க அதிகாரி கேட்டால் பொருளைக் காட்ட வேண்டும். பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு வழியில்லை. 100 வெள்ளிப் பொருளில் அடங்கிய வரி சுமார் 8 வெள்ளி 26 காசு. இடைநிலை நிறுவனத்தின் கட்டணம் போக, கைக்கு வருவது அதிலும் குறைவு. துபாயில் கணக்கு இன்னும் வெளிப்படை. 2018 ஜனவரியில் 5 விழுக்காட்டு வரி வந்தது, அதே ஆண்டு நவம்பரில் பயணிகளுக்குத் திருப்பித் தரத் தொடங்கினார்கள். குறைந்தது 250 திர்ஹம் வாங்க வேண்டும். கட்டிய வரியில் 85 விழுக்காடுதான் திரும்பும், அதிலும் ஒரு சிறு கட்டணம் பிடிப்பார்கள்.

கொடுத்த சலுகையைத் திரும்ப எடுத்த நாடுகளும் உண்டு. மலேசியாவில் 2015 ஏப்ரலில் 6 விழுக்காட்டு ஜிஎஸ்டியோடு வந்த பயணியர் திட்டம், 2018இல் அந்த வரியோடு போய்விட்டது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய கையோடு, 2020 டிசம்பர் 31க்குப் பின் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் கடைகளில் வாங்கிப் பெட்டியில் கொண்டுபோகும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. கடைக்காரரே வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் வரி இல்லை. காஞ்சியில் இப்போதுள்ள நிலையும் இதுவே. வேறுபாடு, லண்டன் இருந்ததை விட்டது; காஞ்சி எழுதி வைத்ததை இன்னும் தொடவில்லை.

எழுதி வைத்த இடம், 2017ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு. இந்தியாவில் வழக்கமாக வசிக்காத, குடியேறும் நோக்கமின்றி ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்க வரும் ஒருவர் சுற்றுலாப் பயணி. அவர் இங்கே வாங்கி நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்குக் கட்டிய ஒருங்கிணைந்த வரி திருப்பித் தரப்படும் என்கிறது அது. வரையறை வசிப்பிடத்தைத்தான் பேசுகிறது, கடவுச்சீட்டின் நிறத்தைப் பேசவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் குடும்பமும், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவரும், கோலாலம்பூரிலிருந்து கல்யாணப் பட்டெடுக்க வருபவரும் இதற்குள் அடங்குவர். ஆனால் சட்டத்தின் மற்ற பிரிவுகளை 2017 ஜூன் 22 அன்றும் ஜூலை 1 அன்றும் நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவிக்கைகள், 15ஆம் எண்ணை மட்டும் தாண்டிப் போயின.

இதில் நுணுக்கம் ஒன்று உண்டு. காஞ்சியில் வாங்கி காஞ்சியிலேயே கையில் பெற்றுக்கொள்ளும் பொருளுக்கு, வழக்கமாக மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பில்லில் இரண்டு வரி வரும். திருப்பித் தருவதாகச் சொன்னதோ ஒருங்கிணைந்த வரியை மட்டும். இந்த இடைவெளியை அடைக்க, சுற்றுலாப் பயணிக்கு விற்பதை மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையாகக் கருதக் கூடாது என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். அதாவது திட்டம் தொடங்கினால், காஞ்சியின் காந்தி ரோட்டுக் கடையின் கணக்குப் பிள்ளை உள்ளூர்க்காரருக்கு ஒரு வகைப் பில்லும், கடவுச்சீட்டுக் காட்டுபவருக்கு வேறு வகைப் பில்லும் போட வேண்டியிருக்கும். மாநிலங்களின் பங்கை நோண்டாமல் திருப்பித் தர இதுவே எளிய வழி. சட்டம் எழுதியவர்கள் இவ்வளவு தூரம் யோசித்துவிட்டு, கடைசிப் படியில் நின்றிருக்கிறார்கள்.

இடையில் பக்கவாட்டில் ஒரு கதவு திறந்து மூடியது. 2019 ஜூலை 1 முதல், சர்வதேச விமான நிலையங்களில் குடியேற்றச் சோதனையைத் தாண்டிய புறப்பாட்டுப் பகுதிக் கடைகள் வெளிநாட்டுப் பயணிக்கு வரியின்றி விற்றுவிட்டு, தாங்கள் சரக்கெடுத்தபோது கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம் என்று 95ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. 2022 ஜூலையில் அதை நீக்கினார்கள். அதுவும் 2019 ஜூலை 1 முதலே இல்லாததுபோல, முன்தேதியிட்டு. அந்த விதி இருந்திருந்தாலும் காஞ்சிக்குப் பெரிய லாபம் இல்லை. கல்யாணப் பட்டு எடுப்பவர்கள் கண்ணாடி அலமாரி முன் கடைசி அரை மணியில் எடுப்பதில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறி பார்த்து, கடையில் பாய் விரித்து உட்கார்ந்து, முந்தியைப் பிரித்துப் பார்த்து, உடலும் கரையும் சேரும் கோர்வை கைத்தறியில் விழுந்ததுதானா என்று கரையைத் திருப்பிப் பார்த்து எடுப்பார்கள்.

இதனால் விளையும் முரண்கள் சில வேடிக்கையானவை. சிங்கப்பூரின் செராங்கூன் சாலையில், திட்டத்தில் சேர்ந்த கடை ஒன்றில் காஞ்சிப் பட்டு வாங்கும் தஞ்சாவூர்ப் பயணிக்குச் சாங்கியில் வரி திரும்பும். காந்தி ரோட்டில் அதே புடவையை வாங்கும் சிங்கப்பூர்ப் பயணிக்கு மீனம்பாக்கத்தில் திரும்பாது. 2005–06இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரை ஊரோடு சேர்த்துக் காக்கச் சட்டம் உண்டு, ஊருக்கு வந்து வாங்குபவருக்கு அதே அளவு அனுகூலம் இல்லை. சிங்கப்பூர்க்காரர் வீடு திரும்பும்போது இன்னொன்றும் காத்திருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவர் 500 வெள்ளி மதிப்புக்கு மட்டுமே வரியின்றிப் பொருள் கொண்டுவரலாம். அதற்கும் குறைந்த நேரமென்றால் 100 வெள்ளி. 500 வெள்ளி என்பது 30,000 ரூபாய்ச் சொச்சம். நல்ல கல்யாணப் புடவை ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு அங்கே 9 விழுக்காடு. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. இங்கே 5 விழுக்காடு திரும்பாமல், அங்கே 9 விழுக்காடு கட்டி, ஒரே புடவை இரண்டு நாட்டுக்கும் வரி செலுத்துகிறது. பொருள் பயன்படும் நாடே வரி விதிக்கட்டும் என்ற கொள்கை ஒழிக்க நினைத்தது இதைத்தான்.

தொகை சிறியது என்று தள்ளுவதற்கில்லை. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய்க்குப் பட்டெடுத்தால் வரி 25,000 ரூபாய். துபாய்போல் 85 விழுக்காடு திருப்பினாலும் 21,250. மறுபக்கத்தில், ஒற்றைப் புடவை வாங்குபவருக்கு 5 விழுக்காடு என்பது, படிவம், வரிசை, கட்டணம் எல்லாம் கழித்தால், வரிசையில் நிற்கும் அளவுக்குத் தேறாமலும் போகலாம். வரி விகிதம் 20 விழுக்காட்டைத் தொடும் ஐரோப்பாவில் இந்த முறை செழித்ததற்கு அந்த விகிதமே காரணம். காஞ்சிப் பட்டுக்கு அது பயன்படுவது பெரும்பாலும் கல்யாணக் கொள்முதலில்தான்.

காஞ்சியிலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022இல் அறிவித்த பரந்தூர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விமானம் அருகே வந்தாலும் 15ஆம் பிரிவுக்கு அறிவிக்கை வர வேண்டும், சுங்கச் சரிபார்ப்புக்கு முகப்பு வேண்டும், கடைகளைப் பதிவு செய்ய வேண்டும், பணம் பட்டுவாடா செய்ய ஒரு அமைப்பு வேண்டும். அதுவரை வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வரியில்லாமல் வாங்க உள்ள வழி பார்சல்தான். ஏற்றுமதிக்கான குறியீட்டு எண் வைத்திருக்கும் கடை, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துவிட்டு, தபாலிலோ கூரியரிலோ வெளிநாட்டு முகவரிக்கு வரியின்றி அனுப்பலாம். அனுப்பும் செலவு வாங்குபவருடையது. புடவை போய்ச் சேரும் இடத்தில் இறக்குமதி வரி அந்த நாட்டுச் சட்டப்படி.